வலிப்பு வந்தவரை ஈ.ஈ.ஜி. பதிவுக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி: திருகோணமலைக் குடும்பங்களுக்கு

வலிப்பு வந்த ஒருவரை வைத்தியர் பார்க்கின்ற நேரத்தில் அநேகமாக வலிப்பு இருப்பதில்லை. கிண்ணியாவிலோ சம்பூரிலோ விடியற்புறம் மூன்று மணிக்குக் கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளிய பிள்ளை, சில வாரங்கள் கழித்துக் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது எந்தக் குறையும் இல்லாத பிள்ளையாகவே தெரியும். ஈ.ஈ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவும் வழக்கமாக இருபது முப்பது நிமிடம்தான் எடுக்கப்படும். அந்த நேரத்துக்குள் ஒரு வலிப்பு வந்து அகப்படுவது அரிது. ஆகையால் நரம்பியல் வைத்திய நிபுணர் நம்பியிருக்கும் சான்றுகளில் முதலாவது இயந்திரத்திலிருந்து வருவதில்லை. அன்றிரவு பக்கத்தில் இருந்த அம்மாவோ வாப்பாவோ அம்மம்மாவோ கண்ணால் கண்டதிலிருந்துதான் வருகிறது.

நான் திருகோணமலையில் பிறந்து, பல ஆண்டுகளாக ஈ.ஈ.ஜி. அறையில் நோயாளரின் தலையில் மின்வாய்கள் எனப்படும் சிறிய உலோக வில்லைகளைப் பொருத்திப் பதிவெடுக்கும் வேலை செய்து வருகிறேன். நல்ல பதிவொன்று கெட்டுப்போவதற்கும், அவசியமான தகவலொன்று வைத்தியரின் காதுக்கு எட்டாமல் போவதற்கும் பெரும்பாலும் காரணமாக இருப்பது, வீட்டாருக்கு எவரும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லாததே ஆகும். பதிவு திருகோணமலையில் எடுக்கப்பட்டாலும், மட்டக்களப்புக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்பட்டாலும், கீழே சொல்லப்படுவன பொருந்தும்.

கண்டதை எழுதி வையுங்கள்

“வலிப்பு வந்தது, ஐந்து நிமிடம் இழுத்தது, பிறகு மயங்கிவிட்டான்” என்பதோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டார் பலர். வைத்தியருக்கு வேண்டியது அந்த நிகழ்வின் வரிசை: முதலில் என்ன, அதன்பின் என்ன, கடைசியில் என்ன. வலிப்பு நோய்க்கு எதிரான சர்வதேசச் சங்கம் 2025இல் திருத்தி வெளியிட்ட வலிப்பு வகைப்பாடும், காணப்பட்ட அறிகுறிகளை அவை தோன்றிய ஒழுங்கிலேயே விவரிக்க வேண்டும் என்கிறது. வலது கைவிரல்கள் முதலில் துடித்து, துடிப்பு முழங்கைக்கு ஏறி, அதன் பிறகே உடல் முழுவதும் இழுத்திருந்தால், தொடக்கம் மூளையின் இடது பக்கத்தில் இருக்கலாம் என்று வைத்தியர் ஊகிக்க முடியும். தொடக்கத்தைக் காணாமல், முழு உடலும் துடிக்கும்போது மட்டும் பார்த்தவரால் அதைச் சொல்ல இயலாது. ஆகவே வைத்தியரிடம் போகவேண்டியவர் பிள்ளையை நன்றாக அறிந்தவர் என்பதைவிட, தொடக்கத்தைக் கண்டவர் என்பதே முக்கியம். அது பத்து வயதுத் தங்கச்சியாக இருந்தாலும் அவளையும் கூட்டிச் செல்லுங்கள், அல்லது அவள் சொல்வதை அவளுடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது, வலிப்புக்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள். உறக்கத்தில் இருந்தாரா, விழித்துச் சிறிது நேரத்திலா, வெயிலில் நெடுநேரம் நின்றாரா, காய்ச்சல் இருந்ததா, முதல் நாள் இரவு உறங்கினாரா, குளிசை தவறியதா? திருவிழாக் கூட்டத்தில் நீண்ட நேரம் நின்று, முகம் வெளிறி, வியர்த்து, கண் இருட்டுகிறது என்று சொல்லி விழுந்தவருக்குச் சில செக்கன்கள் கைகால் துடிக்கலாம். அது பெரும்பாலும் இரத்த அழுத்தம் இறங்கியதால் வந்த மயக்கம். விழுந்தவர் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்து, தான் எங்கே இருக்கிறேன் என்று சரியாகச் சொல்லிவிடுவார். இதைக் காக்கை வலிப்பு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் குளிசை எடுத்தவர்கள் உண்டு. முகம் வெளிறியதா நீலம் பாய்ந்ததா, தெளிய எவ்வளவு நேரம் எடுத்தது என்ற இரண்டு வரிகளே அந்தத் தவறைத் தடுக்கப் போதுமானவையாக இருக்கக்கூடும்.

அடுத்து, அவர் சுயநினைவோடு இருந்தாரா என்பது. இதை ஊகித்து எழுத வேண்டாம், சோதித்து எழுதுங்கள். வலிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ‘கையைத் தூக்கு’ என்று சொல்லுங்கள், ஒரு சொல்லைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்லுங்கள். பதில் தந்தாரா என்பதும், தெளிந்த பிறகு அந்தச் சொல் நினைவிருந்ததா என்பதும் வெவ்வேறு தகவல்கள். இரண்டுமே வைத்தியருக்கு வேண்டும். நாக்கைக் கடித்திருந்தால் நுனியிலா பக்கவாட்டிலா என்று பாருங்கள். பக்கவாட்டுக் காயம் உடல் முழுவதும் இழுக்கும் வலிப்பின் அடையாளங்களில் ஒன்று. தெளிந்த பின் ஒரு கையோ காலோ சிறிது நேரம் சோர்ந்திருந்தால் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். றொபேட் பென்ற்லி ரொட் என்ற வைத்தியர் 1849இல் விவரித்த அந்தச் சோர்வு, வலிப்பு மூளையின் எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்பதை இன்றும் காட்டிக்கொடுக்கிறது.

பதின்ம வயதுப் பிள்ளை என்றால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று தனியாக உண்டு. காலையில் எழுந்தவுடன் தேத்தண்ணிக் கோப்பையோ பற்தூரிகையோ கையிலிருந்து தெறித்து விழுந்திருக்கிறதா? கவனக்குறைவு என்று வீட்டில் ஏச்சு வாங்கிய அந்தத் திடீர் உதறல், இளம் வயதில் தொடங்கும் ஒரு குறிப்பிட்ட வலிப்பு நோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். சிவராத்திரி போன்ற கண்விழிப்புக்கு மறுநாள் காலையில் அதே பிள்ளைக்குப் பெரிய வலிப்பு வரலாம். எவரும் நோயென்று கருதாததால் இந்த உதறலை வீட்டார் தாமாகச் சொல்வதில்லை. வேறு வகை வலிப்புகளுக்கு நன்றாக வேலை செய்யும் சில மருந்துகள் இந்த வகையை மோசமாக்குவதும் உண்டு என்பதால், அந்தக் கோப்பை விழுந்த கதையைச் சொல்லாமல் விடாதீர்கள்.

கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள், ஆனால் இரண்டாவதாக

முதலாவது வேலை பாதுகாப்பு. அருகிலுள்ள கூரான பொருட்களை அகற்றி, தலைக்குக் கீழே மென்மையான எதையாவது வைத்து, இழுப்பு தளர்ந்தவுடன் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் கரண்டியும் விரலும் வைக்கக்கூடாது, தண்ணீர் பருக்கக்கூடாது. கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. இரும்பைப் பிடித்ததும் வலிப்பு நின்றது போலத் தோன்றுவதற்குக் காரணம், பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுவதுதான். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், தெளியாமலே இரண்டாவது வலிப்பு தொடங்கினாலும், அது தானாக நிற்கும் வாய்ப்புக் குறைந்துவிட்டது என்று கொண்டு உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகத் தோன்றும். மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தால் அவர் படம் எடுக்கட்டும். தனியாக இருந்தால் படத்தை மறந்துவிட்டு நோயாளரைக் கவனியுங்கள். படம் எடுப்பவர் முகத்தை மட்டும் நெருங்கிப் பிடிக்காமல், முதலில் தலை முதல் கால் வரை தெரியும்படி எடுத்து, பிறகு சில செக்கன்கள் கண்களை நெருங்கிக் காட்ட வேண்டும். கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது அவ்வளவு முக்கியமானது: மூளையின் மின்கோளாறால் வரும் வலிப்பின்போது கண்கள் பெரும்பாலும் திறந்திருக்கும், மன அழுத்தம் முதலியவற்றோடு தொடர்புடைய, மின்கோளாறு இல்லாத வலிப்புகளில் அவை பெரும்பாலும் இறுக மூடியிருக்கும். இரண்டாவது வகையும் நடிப்பு அல்ல, உண்மையான நோயே; ஆனால் அதற்கு வலிப்புக் குளிசை பயன்தராது, வேறு சிகிச்சை வேண்டும். போர்வையை விலக்குங்கள், மின்விளக்கைப் போடுங்கள், பேசிக்கொண்டே எடுங்கள், நின்ற பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் தொடருங்கள்.

கைத்தொலைபேசிக் காணொளிகளை மட்டும் பார்த்து வலிப்பு நிபுணர்கள் சொன்ன முடிவு, மருத்துவமனையில் ஈ.ஈ.ஜி.யும் காணொளியும் சேர்த்து எடுத்த பதிவின் முடிவோடு ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது தடவை ஒத்துப்போனதாக, அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பெரிய நகரத்து ஆய்வுக்கூடத்தில் நாட்கணக்கில் தங்கிச் செய்யவேண்டிய சோதனைக்கு இவ்வளவு அண்மையில் வரக்கூடிய ஒன்று குச்சவெளியிலுள்ள வீட்டாரின் கையிலும் இருக்கிறது என்பது எனக்கு மிகுந்த ஆறுதலைத் தரும் செய்தி. அந்தக் காணொளியை வைத்தியருக்கு மட்டும் காட்டுங்கள். உறவினர் குழுக்களில் பகிர்ந்துவிட்டால், பிள்ளை வளர்ந்த பிறகும் அது ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பதிவுக்கு முதல் நாளும் அன்று காலையும்

ஒரு நாள் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஏழு வயது மகளைக் கூட்டிவந்திருந்தார். பிள்ளையை நகரத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று விடியற்காலையிலேயே தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் பின்னி, பூவும் சூட்டியிருந்தார். அவரிடம் கொடுக்கப்பட்டிருந்த துண்டு அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. நாங்கள் தலையைக் கழுவி, உலர்த்தி, மீண்டும் தொடங்குவதற்குள் பிள்ளை களைத்து அழத் தொடங்கிவிட்டது; அந்த அழுகையின் தசை அசைவே அன்றைய பதிவின் பெரும்பகுதியை நிறைத்தது. அன்புடன் வைத்த எண்ணெய் அது. அந்தத் தாயின் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

மூளையிலிருந்து தலையின் மேற்பரப்புக்கு வரும் மின்னழுத்தம் மைக்ரோவோல்ற்று அளவில், வழக்கமாக 10 முதல் 100 வரை இருக்கும். ரோச் லைற்றில் போடும் 1.5 வோல்ற்றுப் பற்றரியோடு ஒப்பிட்டால், 100 மைக்ரோவோல்ற்று அதில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய சைகை தோலுக்கும் மின்வாய்க்கும் இடையே தடையின்றிக் கடக்க வேண்டும். அந்தத் தடையை 5,000 ஓமுக்குக் கீழே கொண்டுவர நாங்கள் முயல்கிறோம். எண்ணெய்ப் படலம் அதைக் கெடுத்துவிடும். ஆகவே முதல் நாள் இரவு ஷாம்பூ போட்டு இருமுறை தலைகழுவி, கண்டிஷனர், எண்ணெய், ஜெல் எதுவும் பூசாமல் உலரவிடுங்கள். காலையில் பின்னலோ கொண்டையோ இறுக்கிப் போட வேண்டாம். நெற்றியிலும் மின்வாய்கள் வரும் என்பதால் திருநீறும் சந்தனமும் பதிவு முடிந்த பிறகு இட்டுக்கொள்ளலாம். தலையை மூடும் வழக்கமுள்ள பெண்கள், பதிவெடுக்கும் பெண் ஊழியர் இருக்கிறாரா என்று நாள் குறிக்கும்போதே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

பட்டினியாக வரக்கூடாது. இரத்தத்தில் சீனி இறங்கினால் மூளை அலைகள் மந்தமடைந்து, இல்லாத நோய் இருப்பது போலத் தோன்றலாம். நோன்பு காலத்திலோ விரத நாளிலோ பதிவுத் திகதி வந்தால் முன்கூட்டியே சொல்லி வேறு நாள் கேட்டுக்கொள்ளுங்கள். தேநீர், கோப்பி, சோடா வகைகளை அன்று தவிர்ப்பது நல்லது.

குளிசைகளை வைத்தியர் நிறுத்தச் சொன்னாலன்றி ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ‘மருந்து இருந்தால் நோய் பதிவில் தெரியாது’ என்று அயலவர் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டு, வழியிலேயே நீண்ட வலிப்பு வந்து அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவரை நான் பார்த்திருக்கிறேன். எல்லாக் குளிசை அட்டைகளையும், சித்த ஆயுர்வேத மருந்து எடுத்தால் அதையும் கையோடு கொண்டுவாருங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதையும் எங்களிடம் சொல்லுங்கள்.

உறக்கம் பற்றிய அறிவுறுத்தல்தான் அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. உறக்கம் குறைந்த பிறகும், உறக்கத்துக்குள் நுழையும் வேளையிலும் வலிப்பு அலைகள் வெளிப்படும் வாய்ப்புக் கூடுதல். ஆதலால் சிலரை இரவில் குறைவாக உறங்கி வரச் சொல்வோம். பிள்ளையைப் பிந்திப் படுக்கவைத்து முந்தி எழுப்பினால் போதும். ஆனால் அதிகாலை பஸ்ஸில் அம்மாவின் மடியில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால், இரவு முழுவதும் பட்ட பாடு வீணாகிவிடும். கதை சொல்லிக்கொண்டும் வெளியே பார்க்கவைத்துக்கொண்டும் வாருங்கள். உறங்காத இரவு வலிப்பைத் தூண்டவும் கூடும். ஆகவே அன்று நோயாளர் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது, கிணற்றடியிலோ கடலிலோ தனியாகக் குளிக்கக்கூடாது. கடலும் கிணறும் சூழ்ந்த எங்கள் ஊரில் வலிப்பு நோயாளருக்கு நீர்தான் பெரிய ஆபத்து. வலிப்பு முற்றாகக் கட்டுக்குள் வரும்வரை வாளியில் அள்ளிக் குளிப்பதும், அருகில் ஒருவர் இருப்பதும் எல்லா நாளுக்கும் பொருந்தும்.

அறைக்குள் நடப்பது

பயப்பட எதுவுமில்லை, இயந்திரம் தலைக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை, வருவதைப் பெருக்கிப் பதிகிறது. ஜேர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பேர்கர் 1924இல் மனித மூளையிலிருந்து முதன்முதலாகப் பெற்ற பதிவும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பின்தலையின் மேடு வரை நாடாவால் அளப்போம். அது 36 சென்ரிமீற்றர் என்றால், 3.6இல் முதற் குறி, அதிலிருந்து 7.2 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக அடுத்த குறிகள். நீளத்தின் 10, 20 சதவீதம் என்ற இந்தக் கணக்கு 1958இல் வெளியானது. அதனால்தான் உலகில் எங்கே எடுத்த பதிவையும் வேறெங்கும் ஒப்பிட முடிகிறது. தலையில் 19, காதுகளில் 2 என மின்வாய்கள் பசையால் ஒட்டப்படும். ஒவ்வொரு இடத்திலும் தலைமயிரை வகிடெடுத்துத் தோலைத் தேய்ப்பது பிள்ளைக்குக் கூசும். வீட்டில் ஒரு பொம்மையின் தலையில் பஞ்சுத் துண்டுகளை ஒட்டி விளையாடிக் காட்டிவிட்டு வந்த ஒரு தகப்பனாரின் மகன், அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்தான்.

பதிவின்போது கண்ணைத் திறந்து மூடச் சொல்வோம். மினுங்கும் விளக்கைக் காட்டுவோம். மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு விடச் செய்வோம். கடுமையான ஆஸ்துமா, அண்மையில் வந்த பக்கவாதம், அரிவாள் வடிவக் குருதிச்சோகை இருப்பவருக்கு இந்த மூச்சுப் பயிற்சி கூடாது என்பதால் அவற்றை முதலே சொல்லிவிடுங்கள். சிறு பிள்ளைகளிடம் காகிதக் காற்றாடி ஒன்றைக் கொடுத்து ஊதச் சொல்வேன். ‘பாடத்தில் கவனமில்லை, வெறித்துப் பார்க்கிறாள்’ என்று பாடசாலையிலிருந்து குறை வந்த பிள்ளையொருத்தி இரண்டாவது நிமிடத்தில் ஊதுவதை நிறுத்தினாள். காற்றாடி மெல்ல ஓய்ந்தது. கண் திறந்தபடி இருந்தது. திரையில் எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் செக்கனுக்கு மூன்று தடவை கூர்முனையும் அலையுமாக எழுந்தன. ‘மாம்பழம்’ என்றேன். பத்துச் செக்கன் கழித்து, ஒன்றும் நடவாதது போல மறுபடி ஊதத் தொடங்கினாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்டபோது, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே அண்ணா என்றாள். கவனமின்மை என்று ஏசப்பட்டது சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் ஒரு நோய் என்பது அந்தப் பத்துச் செக்கனில் தெரிந்துபோயிற்று.

அறிக்கை கைக்கு வந்ததும்

‘சாதாரணம்’ என்று அறிக்கையில் இருந்தால் வலிப்பு நோய் இல்லை என்று பொருளல்ல. வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதற்பதிவில் வலிப்பு அலைகள் அகப்படாமல் போகலாம். மீண்டும் எடுக்கும்போதும் உறக்கத்தில் எடுக்கும்போதும் வாய்ப்புக் கூடுகிறது. மறுபுறம், ஒருபோதும் வலிப்பு வராத மிகச் சிலரின் பதிவிலும் அத்தகைய அலைகள் தென்படுவதுண்டு. அறிக்கையை மட்டும் பார்த்துக் குளிசையைத் தொடங்குவதோ நிறுத்துவதோ தவறு என்பதற்கு இவ்விரண்டுமே காரணம். 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியில், காய்ச்சல் போன்ற உடனடித் தூண்டுதல் இன்றி, இரண்டு வலிப்புகள் வந்தாலே வலிப்பு நோய் என்று மேற்சொன்ன சர்வதேசச் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு வரையறை கொள்கிறது. ஒரு வலிப்பு மட்டும் வந்திருந்தாலும், அது திரும்பவரும் வாய்ப்புப் போதிய அளவு அதிகம் என்று சோதனைகள் காட்டினால் அப்போதும் வலிப்பு நோய் என்று கொள்ளலாம். அந்த இரண்டாவது நிலையில்தான் பதிவும் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் மிகவும் பயன்படுகின்றன.

முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு பயிற்றப்பட்ட செயற்கை நுண்ணறிவு மென்பொருளொன்று, வழக்கமான ஈ.ஈ.ஜி. பதிவை மனித நிபுணர்களுக்கு நிகராக வாசிக்கிறது என்ற ஆய்வு 2023இல் வெளியானது. நிபுணர்கள் குறைந்த மாவட்டங்களுக்கு இது நல்ல செய்தி; நானும் அதை எதிர்பார்த்திருக்கிறேன். ஆனால் எண்ணெய் படிந்த தலையில் எடுத்த பதிவை எந்த மென்பொருளும் திருத்தித் தராது. அந்தத் தங்கச்சி கண்ட முதல் விரல் துடிப்பும் அதன் திரையில் வராது.

சரியான மருந்து கிடைத்தால் வலிப்பு நோயாளர்களில் 10க்கு 7 பேர் வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே முதற்பதிவு ஒன்றும் காட்டவில்லை என்று சலித்துக் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி, பதிவெடுத்த திகதி, அன்று எடுத்த மருந்து, உறங்கினாரா இல்லையா என்பவற்றைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அதே பக்கத்தில் இனி வரும் ஒவ்வொரு வலிப்பையும் நாள், நேரம், தொடக்கம் என்று ஒவ்வொரு வரியாகச் சேர்த்து வாருங்கள். அடுத்த முறை வேறொரு வைத்தியர் மேசையில் இருந்தாலும், அவர் முதலில் திருப்பிப் பார்க்கவேண்டிய பக்கம் அதுவே என்று சொல்லிக் கொப்பியை நீட்டுங்கள்.